கிளீன்ரூம் கட்டப் போகிறீர்களா? டர்ன்கீ கான்ட்ராக்டரைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் மாத்திரைப் பிரிவில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஒரு நாள் காலையில் என்னிடம் வந்து, "சார், காரிடாரை எத்தனை தடவை துடைச்சாலும் துணி மஞ்சளாவே வருது" என்றார். போய்ப் பார்த்தேன். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை அழுத்தும் அறையின் கதவுக்கு வெளியே, தரையும் சுவரும் சேரும் வளைவில், விரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் கோடு. ரைபோஃபிளேவின் (பி2 வைட்டமின்) தூள். அந்த கிளீன்ரூம், அதாவது காற்றின் தூசி, அழுத்தம், ஈரப்பதம் எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டிய உற்பத்திப் பகுதி, திறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கான்ட்ராக்டர் கொடுத்த சோதனை அறிக்கை ஒவ்வொன்றிலும் 'பாஸ்' என்றுதான் இருந்தது.

காரணம் எளிமையானது. அவர் அதுவரை ஊசி மருந்துத் தொழிற்சாலைகளுக்கு மட்டுமே வேலை செய்தவர். ஊசி மருந்தில் அறையின் காற்றழுத்தம் காரிடாரைவிட அதிகமாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து அழுக்கு உள்ளே வந்துவிடக் கூடாது. மாத்திரை அழுத்தும் அறையில் இது தலைகீழ்: காரிடார் அழுத்தம் அதிகம், அறை குறைவு. ஒரு அறையின் மருந்துத் தூள் இன்னொரு அறைக்குப் போகக் கூடாது என்பதுதான் அங்கே முக்கியம். அவர் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். எங்கள் ஆர்டரில் காற்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அவரும் கேட்கவில்லை. அறையிலிருந்து காற்றைத் திரும்ப எடுக்கும் ரிட்டர்ன் டக்டை மாற்றி, அழுத்தத்தைத் திருப்பி, மறுபடி சோதித்து முடிக்கும்வரை அந்தப் பிரிவில் உற்பத்தி நின்றது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு வந்த அடுத்த கிளீன்ரூமுக்கு கான்ட்ராக்டரைத் தேர்ந்தெடுக்க நாங்கள் என்ன செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சென்னைக்குப் பக்கத்து ஆலத்தூர், புதுச்சேரி மாதிரி இடங்களில் சிறிய, நடுத்தர மருந்துத் தொழிற்சாலை நடத்துபவர்களை மனதில் வைத்து எழுதுவது இது. 2023 டிசம்பரில் திருத்தி அறிவிக்கப்பட்ட 'அட்டவணை எம்' எனும் மருந்து உற்பத்தி விதிகளுக்காகப் பழைய கட்டடத்தை அவசர அவசரமாக மாற்ற வேண்டிய நிலை இவர்களுக்குத்தான் அதிகம். அவசரத்தில்தான் தப்பான ஆள் உள்ளே வருகிறார்.

முதல் படி: யாரையும் கூப்பிடுவதற்கு முன் உங்கள் தேவையை எழுதுங்கள்

யூஆர்எஸ் என்று நாம் சொல்கிற பயனர் தேவை ஆவணத்தை கான்ட்ராக்டரிடமே எழுதித் தரச் சொல்லும் பழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. இது வேண்டவே வேண்டாம். அவருக்கு எது சுலபமோ அது உங்கள் தேவையாகிவிடும். உற்பத்தி, தரக் கட்டுப்பாடு, பராமரிப்பு மூன்று பிரிவு ஆட்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து நீங்களே எழுதுங்கள். பத்துப் பக்கம் போதும்.

அதில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு வரி வேண்டும்: என்ன வேலை நடக்கும், எத்தனை பேர் நிற்பார்கள், எந்த இயந்திரம் எவ்வளவு சூடு விடும், எந்தத் தரம், வெப்பநிலை, ஈரப்பதம், பக்கத்து அறையோடு அழுத்த வேறுபாடு எவ்வளவு, காற்று எந்தத் திசையில் போக வேண்டும்.

தரத்தை எழுதும்போது ஒரு எச்சரிக்கை. இன்னமும் சைட்டில் எல்லோரும் 'கிளாஸ் 10,000', 'கிளாஸ் ஒரு லட்சம்' என்றுதான் பேசுகிறோம். அந்தக் கணக்கைக் கொடுத்த அமெரிக்க ஃபெடரல் ஸ்டாண்டர்டு 209ஈ 2001-லேயே கைவிடப்பட்டுவிட்டது. இப்போது சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 14644-1 தான். பழைய கிளாஸ் 10,000 என்பது ஐஎஸ்ஓ 7: ஒரு கன மீட்டர் காற்றில் 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,52,000 வரை இருக்கலாம். ஐஎஸ்ஓ 8 என்றால் 35,20,000. ஐஎஸ்ஓ 5 என்றால் வெறும் 3,520.

ஆனால் எண்ணை மட்டும் எழுதினால் போதாது. அறை எந்த நிலையில் இருக்கும்போது அந்த எண் என்பதையும் எழுத வேண்டும். ஆளும் வேலையும் இல்லாமல் இயந்திரங்கள் மட்டும் பொருத்தப்பட்டிருக்கும் ஓய்வு நிலை ஒன்று. ஆட்கள் நின்று வேலை நடக்கும் இயக்க நிலை இன்னொன்று. மருந்துத் துறையின் 'பி கிரேடு' அறை ஓய்வு நிலையில் ஐஎஸ்ஓ 5, இயக்க நிலையில் ஐஎஸ்ஓ 7. 'சி கிரேடு' ஓய்வில் 7, இயக்கத்தில் 8. இதை ஆர்டரில் எழுதாவிட்டால், கான்ட்ராக்டர் காலி அறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை துகள்களை எண்ணிவிட்டு 'முடிந்தது' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

இரண்டாம் படி: யாரைக் கூப்பிடுவது?

டர்ன்கீ என்றால் வடிவமைப்பு, சுவருக்கும் கூரைக்குமான பேனல், ஏசி, மின்சாரம், சோதனை எல்லாம் ஒரே ஆளின் பொறுப்பு. இதன் பெரிய நன்மை, ஈரப்பதம் ஏறினால் "டிசைன் தப்பு", "இல்லை, டக்ட் போட்டவர் தப்பு" என்று இரண்டு பேர் ஒருவரையொருவர் கைகாட்ட முடியாது. குறை என்னவென்றால், வடிவமைப்பவரும் கட்டுபவரும் ஒரே ஆள் என்பதால் அவரைச் சரிபார்க்க வேறு யாரும் இல்லை. இதற்கு நான் கண்ட தீர்வு, அனுபவமுள்ள ஒரு ஏசி வடிவமைப்பாளரை உங்கள் பக்கத்து ஆளாக, வரைபடங்களைப் பார்ப்பதற்கு மட்டும், தனியாகச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வது. மொத்தச் செலவில் அது சிறு தொகைதான்.

சந்தையில் டர்ன்கீ என்று வருபவர்களில் பலர் உண்மையில் ஏதோ ஒரு தொழிலிலிருந்து வந்தவர்கள். சிலர் பேனல் தயாரிப்பாளர்கள், ஏசி வேலையை வெளியே கொடுப்பார்கள். சிலர் ஏசி கான்ட்ராக்டர்கள், பேனலை வெளியே வாங்குவார்கள். என் அனுபவத்தில் கிளீன்ரூமில் தோற்பது பெரும்பாலும் காற்றுதான், சுவர் இல்லை. ஆகவே காற்று வேலையைச் சொந்தப் பொறியாளர்களை வைத்துச் செய்பவர்களுக்கு நான் முன்னுரிமை கொடுப்பேன். வெளியே கொடுப்பதே தப்பு என்று சொல்லவில்லை. யாரிடம் கொடுக்கிறார் என்று பெயரோடு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

மூன்று பேர், அதிகம் போனால் நான்கு பேர் போதும். உங்கள் மருந்து வகையை ஏற்கெனவே செய்தவர்களா என்பதுதான் முதல் வடிகட்டி. அந்த மஞ்சள் கோடு எனக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

மூன்றாம் படி: அவர்கள் கட்டிய பழைய அறையைப் போய்ப் பாருங்கள்

இந்த ஒரு படியை மட்டும் எக்காரணத்துக்கும் விட்டுவிடாதீர்கள். போன மாதம் முடித்த அறையைக் காட்டத்தான் எல்லோரும் ஆசைப்படுவார்கள். புது அறை எல்லாமே அழகாகத்தான் இருக்கும். மூன்று வருடம் ஓடிய அறையைக் காட்டச் சொல்லுங்கள். அப்படி ஒன்று இல்லை என்றால் அதுவே ஒரு தகவல்.

நான் பார்த்த ஒரு இடத்தைச் சொல்கிறேன். கீழே அறை பளபளவென்று இருந்தது. பேனல் இணைப்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், சிலிக்கான் ஒரு ஓரத்தில் மேலே தூக்கிக்கொண்டு வந்தது. உள்ளே கருப்பு. தண்ணீர் விட்டுக் கழுவும் அறையில் அப்படி ஒரு இடைவெளி இருந்தால் உள்ளே பூஞ்சை வளரும். அப்புறம் அங்கிருந்த பராமரிப்பு ஃபோர்மேனிடம், "மேல ஏறிப் பார்க்கலாமா அண்ணே?" என்று கேட்டேன். கூரைக்கு மேலே போக வழியே இல்லை. நுண்துகளைப் பிடிக்கும் ஹெபா ஃபில்டரின் டேம்பரை, அதாவது காற்றளவைக் கூட்டிக் குறைக்கும் தடுப்பை, சரிசெய்ய வேண்டுமென்றால் ஒரு பேனலைக் கழற்ற வேண்டும் என்றார். "கட்டும்போது எங்கள யாரும் கேக்கல தம்பி" என்றார். அந்தக் கான்ட்ராக்டரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

நிர்வாகியிடம் பேசுவதைவிட அந்த ஃபோர்மேனிடம் அரை மணி நேரம் பேசுவது பலன் தரும். அவரிடம் கேட்க வேண்டியவை: ஃபில்டர் மாற்ற எவ்வளவு நேரம் ஆகிறது? மழைக்காலத்தில் ஈரப்பதம் நிற்கிறதா? கதவுக்கு மேலுள்ள அழுத்த மானி எப்போதாவது பூஜ்ஜியத்துக்கு வந்ததா? போன் பண்ணினால் கான்ட்ராக்டரின் ஆள் எத்தனை நாளில் வந்தார்? முடிந்தால் ஏஹெச்யூ (காற்றைக் குளிர்வித்து அறைகளுக்கு அனுப்பும் இயந்திரம்) அறைக்குள் போய் டிரெயின் தட்டில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்று பாருங்கள். தட்டுக்குச் சரிவு கொடுக்காதவர் மற்ற இடங்களிலும் அப்படித்தான் வேலை செய்திருப்பார்.

நான்காம் படி: ஒரே ஒரு அறைக்குக் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்

விலை கேட்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். உங்கள் லேஅவுட்டில் ஒரு அறையைக் கொடுத்து, காற்றளவும் குளிர்ச்சியும் எப்படிக் கணக்கிட்டார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இலவசமாகச் செய்ய மாட்டேன் என்றால் நியாயமான ஒரு தொகை கொடுங்கள்.

எடுத்துக்காட்டாக, 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறை. கொள்ளளவு 90 கன மீட்டர். மணிக்கு 20 தடவை காற்று மாற வேண்டுமென்றால் 1,800 கன மீட்டர், அதாவது சுமார் 1,060 சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி). "எதற்கும் 30 தடவை வைத்துவிடலாம் சார், சேஃப்" என்று ஒருவர் சொல்வார். 2,700 கன மீட்டர் ஆகிவிடும். அதே டக்டில் ஒன்றரை மடங்கு காற்றைத் தள்ள ஃபேனுக்கு ஒன்றரையின் மும்மடிப் பெருக்கம், கிட்டத்தட்ட 3.4 மடங்கு மின்சாரம் வேண்டும். டக்டைப் பெரிதாக்கினால் அது குறையும், ஆனால் கூரைக்கு மேல் இடம் வேண்டும். இந்த மின்கட்டணத்தை வருடக்கணக்கில் கட்டப் போவது நீங்கள். ஆகவே 20 ஏன், 30 ஏன் என்று காரணம் சொல்லத் தெரிந்தவர் வேண்டும். உள்ளே உருவாகும் தூசி, ஆட்கள், இயந்திரச் சூடு, அறை மீண்டும் சுத்தமாக எடுக்கும் நேரம், இவற்றை வைத்துப் பேசினால் அவருக்கு வேலை தெரியும்.

ஈரப்பதத்துக்கும் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். தண்ணீரில் நுரைத்துக் கரையும் மாத்திரைக்கு 25 டிகிரி, 30 சதவீத ஈரப்பதம் வேண்டும் என்று சொல்லுங்கள். அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 6 டிகிரி. வழக்கமான சில்லர் 7 டிகிரித் தண்ணீர் கொடுக்கும். 7 டிகிரித் தண்ணீரை வைத்துக் காற்றை 6 டிகிரிக்குக் குளிர்விக்க முடியாது. ஆகவே ஈரம் உறிஞ்சும் டெசிகன்ட் டிஹியுமிடிஃபையர் தேவை. இதை அவராகவே சொன்னால் நிம்மதி. "ஏசி கூட்டி வைத்தால் வந்துவிடும் சார்" என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். 24 டிகிரி, 50 சதவீதம் என்றால் பனிநிலை 13 டிகிரி பக்கம், அதற்கு சாதாரண சில்லரே போதும். இந்த இரண்டுக்கும் நடுவே செலவு வித்தியாசம் பெரியது. எனவே உங்களுக்கு நிஜமாகவே வேண்டியதைவிடக் கடுமையான எண்ணை யூஆர்எஸ்ஸில் எழுதாதீர்கள்.

கதவைப் பற்றியும் கேளுங்கள். 15 பாஸ்கல் என்பது காகிதத்தில் சின்ன எண். ஆனால் 7 அடிக்கு 3 அடிக் கதவின் மேல் அது கிட்டத்தட்ட 3 கிலோ எடை அளவுக்கு அழுத்தும். அழுத்தம் கதவைச் சட்டத்தோடு சேர்த்துத் தள்ளுகிற திசையில் கதவு மாட்டப்பட்டால் நன்றாக மூடி நிற்கும். மாறி மாட்டினால் கதவைத் தானாக மூடும் க்ளோசர் எவ்வளவு இழுத்தாலும் ஒரு விரல் திறந்தே இருக்கும். வரைபடத்தில் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று காட்டி, ஏன் என்று கேளுங்கள்.

பேனலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உள்ளே என்ன இருக்கிறது? பஃப் (பாலியூரிதேன் நுரை) நிரப்பிய பேனல் மலிவு, நல்ல காப்பு, ஆனால் தீப்பிடிக்கும். ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) எரியாது. கரைப்பான் பயன்படுத்தும் பகுதிகளில் நான் ராக்வூலைத் தவிர வேறெதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தீயணைப்புத் துறை அனுமதிக்கும் காப்பீட்டுக்கும் இதுவே சுலபம்.

ஐந்தாம் படி: விலைப் பட்டியலை ஒரே தாளில் கொண்டுவாருங்கள்

எங்களுக்கு வந்த கொட்டேஷன்களில் ஒன்று மற்றதைவிட 18 லட்சம் குறைவு. முதலாளிக்கு மிகவும் பிடித்துவிட்டது. இரண்டையும் வரிவரியாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது, குறைந்ததில் சில்லர் தண்ணீர்க் குழாயின் காப்பு இல்லை, ஏஹெச்யூவுக்கு மின்கேபிள் இல்லை, ஃபில்டர் கசிவுச் சோதனை 'வாடிக்கையாளர் பொறுப்பு' என்று கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்ததும் அதுதான் அதிக விலை.

இப்படி அடிக்கடி விட்டுப்போகும் மற்றவை: கூரைக்கு மேல் நடைபாதை, டிரெயின் குழாய், அழுத்த மானிகள், கதவு இன்டர்லாக் (இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்காமல் தடுப்பது), சாரம் கட்டும் செலவு, சரக்கு இறக்கும் கூலி, உபரி ஃபில்டர் ஒரு செட், ஜிஎஸ்டி. பொருட்களின் தயாரிப்பாளர் பட்டியலில் 'அல்லது அதற்கு இணையானது' என்ற சொற்கள் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். எது இணை என்று முடிவு செய்வது நீங்களாக இருக்க வேண்டும், அதுவும் எழுத்தில்.

திருத்தப்பட்ட அட்டவணை எம்முக்காகத் தொழிற்சாலையை மேம்படுத்துபவர்களுக்கு மத்திய அரசின் மருந்துத் துறை ஒரு மானியத் திட்டம் வைத்திருந்தது; இப்போதும் நடப்பில் உள்ளதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பில்கள் பெயர்வாரியாகப் பிரிந்திருந்தால் விண்ணப்பிக்க வசதி. எல்லாவற்றையும் 'ஒரே மொத்தம்' என்று பில் போடுபவரிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஆறாம் படி: ஒப்பந்தம்

'நல்ல முறையில் வேலை செய்து தரப்படும்' என்ற வரியை வைத்து யாரையும் எதற்கும் பொறுப்பாக்க முடியாது. யூஆர்எஸ்ஸில் உள்ள அறைவாரி அட்டவணையை ஒப்பந்தத்தின் இணைப்பாக வையுங்கள். ஓய்வு நிலை, இயக்க நிலை இரண்டிலும் அந்த எண்கள் வராவிட்டால் அவர் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும், பேனல் கழற்றிப் போடுவது உட்பட.

முன்பணத்துக்கு வங்கி உத்தரவாதம் வாங்குங்கள். பொருள் சைட்டுக்கு வந்ததற்கு ஒரு பங்கு, பொருத்தியதற்கு ஒரு பங்கு, சோதனை முடிந்ததற்கு ஒரு பங்கு என்று பிரியுங்கள். என்னைக் கேட்டால் சோதனைக்கும் அதற்குப் பிறகும் சேர்த்து குறைந்தது 20 சதவீதம் நிற்க வேண்டும். அதே சமயம் கொடுக்க வேண்டிய பணத்தை நாள் தவறாமல் கொடுங்கள். பில் தாமதமானால் முதலில் நிற்பது நல்ல ஃபிட்டர்கள்தான், அவர்கள் அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார்கள். அப்புறம் வருபவர்கள் யார் என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

மாற்றம் எதுவானாலும் விலையும் நாளும் எழுதிக் கையெழுத்தான பிறகே வேலை. இதை நம் பக்கத்து ஆட்களுக்கும் சொல்லி வையுங்கள். "அந்தப் பாஸ் பாக்ஸை இந்தப் பக்கம் தள்ளிப் போடுங்க" என்று உற்பத்தி மேலாளர், அறைக்கு அறை பொருள் கைமாற்றும் அந்தச் சுவர்ப் பெட்டியைப் பற்றி வாய்வார்த்தையாகச் சொன்னது கடைசி பில்லில் வரும். சைட்டில் முழு நேரமும் இருக்கப் போகும் பொறியாளர் யார் என்பதையும் பெயரோடு எழுதுங்கள். விற்க வந்தவர் கட்ட வர மாட்டார்.

ஏழாம் படி: கட்டும்போது கூரையை மூடுவதற்கு முன்

ஆர்டர் கொடுத்ததும் தேர்வு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வடிவமைப்புத் தகுதிச் சோதனையான டிக்யூவில் நீங்கள் கையெழுத்துப் போடாமல் பொருள் வாங்கக் கூடாது. லேஅவுட்டை மாநில மருந்து உரிம அதிகாரிகளிடம் காட்டி ஒப்புதல் பெறுவதையும் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

சைட்டுக்கு வரும் டக்ட் துண்டுகளின் இரண்டு முனையும் பிளாஸ்டிக்கால் மூடியிருக்கிறதா என்று தினமும் பாருங்கள். திறந்து கிடந்த டக்டுக்குள் சேர்ந்த சிமெண்ட் தூசி கடைசியில் உங்கள் ஹெபா ஃபில்டரில்தான் போய் உட்காரும். டக்டை இணைத்து முடித்ததும் இரவில் உள்ளே விளக்கைப் போட்டு வெளியிலிருந்து வெளிச்சக் கசிவு பாருங்கள். முக்கியப் பகுதிகளுக்கு அழுத்தச் சோதனையும் வேண்டும். காப்பு சுற்றிய பிறகு, கூரை மூடிய பிறகு இதில் எதையும் பார்க்க முடியாது. ஹெபா ஃபில்டர்களைக் கடைசியில், டக்டை ஊதிச் சுத்தம் செய்த பிறகே மாட்ட வேண்டும்.

எட்டாம் படி: சோதனையும் ஒப்படைப்பும்

சோதனை செய்யும் நிறுவனத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள், பணமும் நீங்களே கொடுங்கள். சோதனைக் கூடங்களுக்கான என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ளதா, கருவிகளின் அளவுத்திருத்தச் சான்று நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். காற்றளவு, ஃபில்டர் கசிவு, துகள் எண்ணிக்கை, அழுத்த வேறுபாடு, வெப்பநிலை, ஈரப்பதம், மீளும் நேரம், காற்றோட்டப் புகைச் சோதனை, இத்தனையும் வேண்டும்.

கசிவுச் சோதனையில் எண்ணெய்ப் புகையை ஃபில்டருக்கு மேலே விட்டு, கீழே ஃபில்டரின் முகம் முழுவதும் கருவியால் வருடிப் பார்ப்பார்கள். மேலே விட்டதில் 0.01 சதவீதத்துக்கு மேல் எங்காவது வந்தால் கசிவு. பக்கத்தில் நின்று பாருங்கள். ஃபில்டரைவிட, அது சட்டத்தில் உட்காரும் ஓரத்தில்தான் அடிக்கடி மாட்டும். புகைச் சோதனையை வீடியோ எடுத்து வையுங்கள், தணிக்கைக்கு வருபவர்கள் கேட்பார்கள். கதவைத் திறந்து வைத்து, உங்கள் ஆட்களையே வழக்கம்போல் நிற்க வைத்து எடுக்க வேண்டும். புகை எந்தப் பக்கம் போகிறது என்று காரிடாரில் நின்று அன்றே பார்த்திருந்தால் எங்களுக்கு அந்த மஞ்சள் கோடு வந்திருக்காது.

கட்டியபடி வரைந்த வரைபடங்கள், ஒவ்வொரு ஃபில்டரின் சோதனைச் சான்று, டேம்பர் நிலைகள், உதிரிப் பாகப் பட்டியல், பராமரிப்பு ஆட்களுக்கு இரண்டு நாள் பயிற்சி, இவை கைக்கு வராமல் ஒப்படைப்புச் சான்றில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நிறுத்தி வைத்த பணத்தின் கடைசிப் பகுதியை எப்போது விடுவிப்பது என்பதில் என் கருத்து இது. ஜனவரியில் சோதித்தால் சென்னையில் எந்த அறையும் தேறிவிடும். எங்கள் இரண்டாவது ஒப்பந்தத்தில் ஒரு மே மாதமும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் கடந்து, இரண்டிலும் ஒரு வாரம் தொடர்ந்து எடுத்த வெப்பநிலை, ஈரப்பதப் பதிவு சரியாக இருந்தால் கடைசி 5 சதவீதம் என்று எழுதினோம். மூன்று பேரில் இரண்டு பேர் இந்த வரியை எடுத்துவிடச் சொன்னார்கள். மூன்றாமவர், "மழைக்கு எந்த ஈரப்பதத்தைக் கணக்கு வைக்கச் சொல்றீங்க?" என்று கேட்டு, வீட்டுக்குப் போய் காற்றைக் குளிர்விக்கும் காயிலின் அளவை மாற்றி வரைந்துகொண்டு வந்தார். வேலையை அவருக்குக் கொடுத்தோம்.